குளிர்ப்பெட்டியில் உணவை உறைய வைக்கும் முறை

பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நேரத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மங்கில் வடிந்த பாலை உரிய நேரத்தில் சேகரித்து, நிறுவைக்குக் கொண்டு சென்று, அமோனியா கலந்துவிட்டால் அது பாலாகவே நிலைத்திருக்கும். சேகரிக்கத் தாமதித்தால் மங்கிலேயே கட்டியாகிவிடும். பின்னர் அதில் எவ்வளவு அமோனியாவை ஊற்றினாலும் பழைய பால் திரும்பாது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் அதற்குள் தம் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

நாம் வாங்கும் மீனுக்கும் இறைச்சிக்கும் இதே விதிதான். குளிர்ப்பெட்டியும் அமோனியாவைப் போன்றதே. உள்ள நிலையை உள்ளபடி காக்க வல்லது. கெட்டுப்போனதை மீட்டுத் தர வல்லதன்று. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், உணவை உறைய வைக்கும் கலையில் பாதியைக் கற்றவர் ஆவோம். மறுபாதி, உணவைப் பையில் கட்டும் முறையில் இருக்கிறது.

1970களிலும் 1980களிலும் நம் தோட்டங்கள் பலவற்றில் தோட்டத்துக்குச் சொந்தமான மின்னாக்கி இயந்திரமே வெளிச்சம் தந்தது. மாலையில் ஓடத் தொடங்கும் இயந்திரம் இரவு சில மணி நேரத்தில் நின்றுவிடும். அத்தகைய லயன் வீட்டில் குளிர்ப்பெட்டிக்கு ஏது வேலை? கருவாடும் உப்புக்கண்டமும் ஊறுகாயுமே நம் தாய்மார்களின் சேமிப்புக் கிடங்குகளாக விளங்கின. அவை இன்றும் இகழத்தக்கவை அல்ல. ஆயினும் தோட்டத் தொழிலாளர் வீடமைப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் குழாய் நீரையும் மின்சாரத்தையும் முதலாளிமார் கடமையாக்கிய பின்னர், நாள் முழுதும் மின்சாரம் பெற்ற வீடுகள் பெருகின. குளிர்ப்பெட்டியும் சமையலறையில் இடம் பிடித்தது. பெட்டி வந்த வேகத்தில் அதைப் பயன்படுத்தும் அறிவு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

ஜொகூரில் வாழும் நமக்கு உறைய வைப்பது வெறும் வசதி மட்டுமன்று. குடும்பக் கணக்கோடு தொடர்புடைய காரியமும் ஆகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. மெர்சிங், எண்டாவ் கடற்கரைகளில் படகுகள் பல நாள்கள் கரையிலேயே நிற்கின்றன. சந்தையில் மீன் விலை ஏறுகிறது. அதே மாதங்களில்தான் மழையால் மரம் வெட்ட இயலாத நாள்கள் கூடுகின்றன, வருமானம் குறைகிறது. மழை ஓய்ந்ததும் இலையுதிர் காலம் வந்து பாலும் குறைந்துவிடுகிறது. ஆகவே செப்டம்பர், அக்டோபரில் மீன் மலிவாகக் கிடைக்கும் வாரம் ஒன்றில் சில கிலோ கூடுதலாக வாங்கி, ஒழுங்காக உறைய வைத்துக்கொள்ளும் குடும்பம், டிசம்பரில் கடன் சொல்லி மீன் வாங்கும் நிலைக்கு ஆளாகாது.

ஆனால் பல வீடுகளில் நிகழ்வது என்ன? காலை ஒன்பது, பத்து மணிக்கு மீன்காரரின் மோட்டார் சைக்கிள் லயத்துக்கு வருகிறது. கணவனும் மனைவியும் வெட்டில் இருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் பாட்டியோ, பக்கத்து வீட்டு அக்காவோ மீனை வாங்கி, பையோடு ஆணியில் மாட்டி வைக்கிறார்கள். நிறுவை முடிந்து பிற்பகலில் திரும்பியவர்கள், களைப்பாலே அந்தப் பையை அப்படியே உறைபனிப் பகுதியில் திணிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால் மூன்று கிலோ மீனும் ஒரே பாறையாக இறுகியிருக்கிறது. கத்தியாலும் உலக்கையாலும் அடித்து, பாதியைப் பெயர்த்தெடுத்து, மீதியைத் திரும்பவும் உள்ளே தள்ளுகிறார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியில் எத்தனை தவறுகள் உள்ளன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மூன்று மணி நேரம்

முதலாவது தவறு ஆணியில் தொங்கிய மூன்று, நான்கு மணி நேரமாகும். இதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறு. 5 பாகை செல்சியஸ் முதல் 60 பாகை வரையிலான வெப்பத்தில் கிருமிகள் பெருகுகின்றன. நம் வராந்தாவின் பகல் வெப்பம் ஏறத்தாழ 30 பாகை. கிருமிகளுக்கு அது விருந்து. கெட்டுப்போகக்கூடிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட உணவுப் பாதுகாப்பு அறிவுரைகளும் கூறுகின்றன.

நாம் விரும்பி வாங்கும் கெம்போங், மத்தி, சூரை, தெங்கிரி போன்ற மீன்களுக்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. இவற்றின் சதையில் இயற்கையாக உள்ள ஒரு பொருளை, வெப்பத்தில் பெருகும் கிருமிகள் ‘ஹிஸ்டமின்’ என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. அத்தகைய மீனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து எரியும். தலைவலி, அரிப்பு, தடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதில் ஒரு பகுதி இதுவாகவே இருக்கும். மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த நஞ்சு குழம்பில் கொதித்தாலும் அழியாது. உறைபனியில் ஒரு மாதம் கிடந்தாலும் அழியாது. மீன் பார்வைக்கும் முகர்வுக்கும் நன்றாகவே தோன்றவும் கூடும். ஆணியில் நான்கு மணி நேரம் தொங்கிய கெம்போங் மீனை உறைய வைப்பது, கட்டியான பாலுக்கு அமோனியா ஊற்றுவதை ஒத்ததேயாகும்.

பரிகாரம் கடினமானதன்று. மீன்காரர் பனிக்கட்டியில் மூடிக் கொண்டுவந்த மீனையே வாங்குக. செவுள் சிவந்தும், கண் தெளிந்தும், விரலால் அழுத்திய குழி உடனே நிமிர்ந்தும் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் உடனே குடலையும் செவுளையும் அகற்றிக் கழுவிக் குளிர்ப்பெட்டியில் வைக்கட்டும். அதற்கு ஆள் இல்லையெனில் மாலையில் வரும்படி மீன்காரரிடம் சொல்லிப் பார்க்கலாம். பத்து வீட்டார் சேர்ந்து கேட்டால் அவரும் மறுக்க மாட்டார். அதுவும் இயலாவிடில், அன்று பருப்புக் குழம்பே மேல்.

எந்தப் பை?

இரண்டாவது தவறு பை. சந்தையில் மீன் போட்டுக் கொடுக்கும் கறுப்பு, சிவப்பு நிறப் பைகள் பெரும்பாலும் உணவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவையும் அவற்றுள் உண்டு. பொருளை வீடு வரையில் தூக்கிவர அவை போதும். அதோடு அவற்றின் பணி முடிந்தது.

கடையில் தேநீரும் குழம்பும் கட்டித் தரும் தெளிந்த, சற்று விறைப்பான பைகளைச் சிலர் கழுவி வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அவை பொதுவாகப் பாலிபுரொப்பிலீன் என்னும் வகையைச் சேர்ந்தவை. சூட்டைத் தாங்கும்; உறைபனியிலோ நொறுங்கும் தன்மை பெற்று, கீழே விழுந்தால் கீறிவிடும். உறைய வைப்பதற்கு ஏற்றது பாலித்தீன் வகை. 1933இல் இங்கிலாந்தின் நார்த்விச் நகருக்கருகே இரசாயன ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. கடுங்குளிரிலும் வளைந்து கொடுக்கும்; நீராவியை எளிதில் வெளியே விடாது. ‘உறைபனிப் பை’ என்று விற்கப்படுபவை இந்தப் பாலித்தீனைத் தடிப்பாக வார்த்துச் செய்தவையே. விளிம்பை விரலால் அழுத்தினால் மூடிக்கொள்ளும் பைகளும் உண்டு. 1968 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியவை அவை. அந்த விலை கட்டுப்படியாகவில்லையா? உணவுக்குரியது என்று குறிக்கப்பட்ட சாதாரணப் பாலித்தீன் பைகள் இரண்டை ஒன்றனுள் ஒன்றாக இட்டு, கழுத்தை முறுக்கி, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினாலும் போதும். உலகுக்கு ரப்பர் கொடுத்த நாம் ஒரு ரப்பர் வளையத்துக்குச் சிக்கனம் பார்க்க வேண்டுவதில்லை!

காய்கறி, மாவு வைத்த பைகளைச் சவர்க்காரம் இட்டுக் கழுவி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பச்சை மீன், கோழி, இறைச்சி வைத்த பையை மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. அதைக் கொல்லைப்புறத்தில் எரிப்பதும் கூடாது. குப்பைத் தொட்டியில் சேர்ப்பதே முறை.

மெல்லிய தகடாக

மூன்றாவது தவறு பாறை. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கதை உதவும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர் 1912இல் கனடாவின் வடகிழக்கே உள்ள லாப்ரடோருக்குச் சென்றார். அங்குள்ள பழங்குடி மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடித்தார்கள். வெளியே எடுத்த மீன் கடுங்குளிர்க் காற்றில் கணப்பொழுதில் உறைந்து போயிற்று. மாதங்கள் கழித்து உருக்கிச் சமைத்தபோதும் அது புதுமீன் போன்றே சுவைத்தது. அவரது நாட்டிலோ மெல்ல உறைய வைத்த மீன் பஞ்சு போலாகிக்கொண்டிருந்தது. விரைவில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று கண்டுகொண்ட அவர், மீனை மெல்லிய பொட்டலங்களாகக் கட்டி, குளிர்ந்த தகடுகளுக்கிடையே அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1930 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவரது உறைபனி உணவு விற்பனைக்கு வந்தது.

மீனிலும் இறைச்சியிலும் பெரும்பகுதி நீரே. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. விரைவாக உறைந்தால் நுண்ணிய பனித்துகள்கள் உண்டாகும். மெல்ல உறைந்தால் பெரிய, கூரிய படிகங்கள் உண்டாகித் தசையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். உருக்கும்போது சாறெல்லாம் வடிந்து, மீன் சக்கையாவதன் காரணம் இதுவே. மூன்று கிலோப் பொதியின் நடுப்பகுதி உறைவதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அங்கே கிருமிகளும் ஓய்வதில்லை.

நம் வீட்டில் இயந்திரம் இல்லை; ஆனால் பை இருக்கிறது. ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டிய அளவை மட்டும், ஏறத்தாழ அரைக் கிலோ, ஒரு பையில் இடுக. நீரை நன்கு வடித்துவிட்டுத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தடிப்புள்ள தகடாக்கித் தட்டில் கிடத்தி வைத்தால், அது உருண்டையாக உறைவதற்கு ஆகும் நேரத்தில் பாதிக்கும் குறைவிலேயே உறைந்துவிடும். உறைந்த பின் புத்தகங்களைப் போல நிறுத்தி அடுக்கலாம், இடமும் மிச்சம். ஒரே நாளில் பெட்டி முழுவதையும் புதிய உணவால் நிரப்பினால் எதுவுமே விரைவில் உறையாது. வாங்கியது மிகுதியென்றால் அன்றைக்கே ஒரு பகுதியைக் குழம்பாக்கி விடுவது நன்று.

பைக்குள் காற்று தங்கக் கூடாது. காற்றுப் பட்ட இடத்தில் பனி நேரடியாக ஆவியாகி, சதை வெளுத்து, மரப்பட்டை போல் வறண்டுவிடும். அது தீங்கு செய்யாது. சுவை மட்டும் போய்விடும். எண்ணெய்ப்பசை மிகுந்த மீனில் காற்று இன்னும் ஒரு கேடு செய்யும்; கொழுப்புச் சிக்கலடித்துப் போகும். சிலர் வாயால் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பச்சை மீனின் கிருமி வாய்க்கும், வாயின் கிருமி மீனுக்கும் போகும் வழி அது! வேறு வழி இருக்கிறது. ஒரு பேசினில் நீர் நிரப்பி, வாய் திறந்த பையை மெல்ல அமிழ்த்துக. வாய் மட்டும் நீருக்கு மேலே இருக்கட்டும். சுற்றியுள்ள நீர் பையை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடும். அந்நிலையிலேயே மூடிவிட்டால், பை மீனோடு தோல் போல ஒட்டிக்கொள்ளும். குழம்பு, ரசம் போன்றவற்றுக்கு மட்டும் மேலே இரண்டு விரல் இடம் விடுக, அவை விரியும்.

பையின் மேல் பொருளின் பெயரையும் தேதியையும் எழுதுதல் வேண்டும். செக்ரோலில் பெயர் இல்லாதவருக்குச் சம்பளம் இல்லை என்பது போல, தேதி இல்லாத பைக்குக் குழம்பில் இடமில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்.

எது, எத்தனை நாள்?

குளிர்ப்பெட்டியின் உறைபனிப் பகுதிக் கதவில் நட்சத்திரக் குறிகள் உள்ளனவா என்று பாருங்கள். மூன்று நட்சத்திரம் என்றால் அது பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை வரை குளிரும். இரண்டு என்றால் 12. ஒன்று என்றால் 6. ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேற்புறத்தில் உள்ள சிறிய அறை பெரும்பாலும் மூன்று நட்சத்திரத்தை எட்டுவதில்லை. ஒரு நட்சத்திர அறையில் ஒரு வாரம், இரண்டில் ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்க. 18 பாகைக் குளிரில் கெம்போங், மத்தி போன்ற எண்ணெய் மீன்கள் இரண்டு, மூன்று மாதங்களும், கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன்கள் ஆறு மாதங்களும், சமைத்த குழம்பு இரண்டு, மூன்று மாதங்களும் சுவை குன்றாமல் இருக்கும். சுவரில் பனி தடித்துப் படிந்தால் குளிர் குறையும். பெட்டியை நிறுத்திப் பனியை உருக விடுக. கத்தியால் குத்திப் பெயர்ப்பவர்கள் குளிரூட்டும் குழாயைத் துளைத்துவிட்டுப் புதுப் பெட்டிக்குத் தவணை கட்ட நேரும்.

தேங்காய்த் துருவல், அரைத்த மிளகாய், இஞ்சி பூண்டு விழுது ஆகியவை நன்றாக உறையும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரையில், நம் முன்னோரின் பசி தீர்த்த மரவள்ளிக் கிழங்கும் தோலுரித்துத் துண்டாக்கி வைத்தால் நன்கு நிற்கும். பயற்றங்காய், வெண்டைக்காய், முருங்கைக் கீரை போன்றவற்றைக் கொதிநீரில் இரண்டு, மூன்று நிமிடம் இட்டு, உடனே குளிர்நீரில் ஆற்றி, நீர் வடித்த பின்பே பையில் இட வேண்டும். இல்லையேல் காய்க்குள் இருக்கும் நொதிப்பொருள்கள் குளிரிலும் மெல்ல மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுத்துவிடும். வெள்ளரிக்காய், தயிர், ஓட்டுடன் கூடிய முட்டை ஆகியவை உறைபனிக்கு ஆகா. குழம்பில் உள்ள உருளைக்கிழங்கு பஞ்சாகிவிடும். அதை எடுத்துவிட்டுக் குழம்பை வைக்கலாம்.

மிஞ்சிய சோற்றைப் பற்றி ஒரு சொல். இரவெல்லாம் அடுப்பங்கரையில் இருந்த சோற்றில் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மறுநாள் சூடாக்குவதால் அழியாது. மிஞ்சும் என்று தெரிந்தவுடனே தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் சேர்த்துவிடுக.

உருக்கும்போது

உறைபனியில் கிருமிகள் சாவதில்லை, பெரும்பாலானவை உறங்குகின்றன. உருகியதும் விழித்துக்கொள்கின்றன. எனவே காலையில் பையை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெட்டுக்குப் போகும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். முந்திய இரவு படுக்கப் போகுமுன் மறுநாளைக்குரிய பையை ஒரு தட்டில் வைத்துக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுக. பிற்பகல் திரும்பும்போது மீன் உருகியும் இருக்கும், குளிர்ந்தும் இருக்கும். அவசரமாயின் மூடிய பையைக் குளிர்நீரில் இட்டு, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றினால், மெல்லிய தகடு ஒரு மணி நேரத்துக்குள் உருகிவிடும். வெளியில் வைத்து உருக்கிய பச்சை மீனை மீண்டும் உறைய வைக்கலாகாது. பாறையைப் பாதி உருக்கி மீதியைத் திருப்பி வைப்பவர்கள் செய்வது இதையே. சிறு பைகள் இருந்தால் அந்தத் தேவையே எழாது.

மின்சாரம் நின்றால்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களை மூழ்கடித்த வெள்ளத்தை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். 2011இன் தொடக்கத்திலும் 2023 மார்ச்சிலும் வெள்ளம் திரும்பவும் வந்தது. வெள்ளக் காலத்தில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். வீடு நனையாதவர்களுக்கும் அப்போது குளிர்ப்பெட்டி வெறும் அலமாரியே.

கதவைத் திறவாதிருந்தால், நிறைந்த உறைபனிப் பெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறு அறைக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. கீழே உள்ள சாதாரணக் குளிர்ப்பகுதி நான்கு மணி நேரமே தாங்கும். காலியிடம் இருப்பின், பருவமழை தொடங்குமுன் பைகளில் நீர் நிரப்பி உறைய வைத்துக்கொள்வது நல்லது. குளிரை அவை தேக்கி வைக்கும். மின்சாரம் வந்தபின், பைக்குள் இன்னும் பனித்துகள் தெரியுமாயின் மீண்டும் உறைய விடலாம், சற்றுச் சுவை குறையும். முற்றிலும் உருகி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெப்பமாக இருந்ததைக் கொட்டிவிடுக. வெள்ளநீர் பட்ட பை எவ்வளவு இறுக மூடியிருந்தாலும் அதில் உள்ளதை உண்ண வேண்டாம்.

நிவாரண மையத்துக்குச் சென்று நான்கு நாள் கழித்துத் திரும்புவோருக்கு ஓர் ஐயம் எழும். இடையில் மின்சாரம் நின்று, எல்லாம் உருகி, மீண்டும் வந்து உறைந்திருந்தால் வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. மழைக்காலம் தொடங்கும்போதே ஒரு சிறு குவளையில் நீர் ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டியின் மேல் இருபது காசு நாணயம் ஒன்றை வைத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் முதலில் அந்தக் குவளையைப் பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் உறைபனி கலையவில்லை. பனிக்கட்டியின் அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகியிருக்கிறது; அந்தப் பைகளை ஒன்றையும் திறந்து முகர்ந்து பார்க்காமல் அப்படியே அப்புறப்படுத்துங்கள்.